முதல் மூன்று நிமிடம்: ஒலியாலும் காட்சி அமைப்பாலும் ஒரு கதாபாத்திரத்தை அறிமுகப்படுத்துவது எப்படி?
சின்னமனூரிலிருந்து புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பம் பள்ளத்தாக்கில் எடுக்கப்படும் குறும்படங்கள் பலவும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. மேகமலைக்கு மேல் ட்ரோன் பறக்கும். தேயிலைத் தோட்டம், மேகம், ஒரு வளைவுச் சாலை, எங்கிருந்தோ இறக்கிய புல்லாங்குழல். பிறகு அலாரம் அடிக்கும். கதாநாயகன் கட்டிலிலிருந்து கையை நீட்டி அதை அணைப்பான். எழுந்து கண்ணாடி முன்னால் பல் துலக்குவான். இதற்குள் இரண்டு நிமிடம் போயிருக்கும். அவன் யார் என்று நமக்குத் தெரிந்திருக்காது. பல் துலக்குகிறவன் என்பது மட்டும் தெரியும்.

கையில் ஒரு போனும் மனதில் ஒரு கதையும் வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படம் பார்ப்பதோடு சரி என்பவர்களும் வாசிக்கலாம். அடுத்த முறை தியேட்டரில் முதல் ரீலைப் பார்க்கும்போது பாப்கார்ன் கொஞ்சம் மெதுவாகத் தீரும்.

தமிழ் சினிமாவின் காதும் கண்ணும் இந்தப் பக்கத்திலிருந்து போனவை. பண்ணைப்புரத்து இளையராஜா, அல்லிநகரத்து பாரதிராஜா, தேனி மாவட்டத்துக்காரரான பாலா, ஊரைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர் என்று வரிசை நீளமானது. ஆகவே பாடம் படிக்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஆளைக் காட்டுவதற்கு முன்னால் அவரைக் கேட்க வையுங்கள், பிறகு அவர் எங்கே நிற்கிறார் என்று காட்டுங்கள். முகமும் வசனமும் அதற்கப்புறம் வரட்டும்.

படி 1: ஆளை ஒரு வரியில் எழுதுங்கள்

நல்லவன், ஏழை, கோபக்காரன் என்றெல்லாம் எழுதாதீர்கள். எந்தக் கேமராவாலும் அதை எடுக்க முடியாது. ஒரு மனிதர் என்ன செய்வார், எதைச் செய்யத் தயங்குவார் என்று எழுதினால் எடுத்துவிடலாம்.

இந்த வழிகாட்டி முழுவதும் கூட வருவதற்கு ஒரு ஆளைக் கற்பனையாக உருவாக்கிக்கொள்வோம். சின்னமனூர் வாழைத்தோப்புகளில் தார் சுமப்பவர். வயது ஐம்பதுக்குப் பக்கம். வேலையில் சூரர். ஆனால் தனக்கு வர வேண்டிய கூலியை வாய்விட்டுக் கேட்கத் தெரியாதவர். கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். கதை அங்கேதான் இருக்கிறது. அவர் கேட்பாரா, எப்போது கேட்பார் என்ற ஆவலைப் பார்ப்பவர் மனதில் கிளப்பிவிட்டால் முதல் மூன்று நிமிடம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

இதற்கு நம் மண்ணிலேயே எடுக்கப்பட்ட நல்ல உதாரணம், லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டில் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. ரங்கசாமி ஏலக்காய் மூட்டை சுமக்கும் தொழிலாளி. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. படம் இதை யார் வாயாலும் முதலில் சொல்ல வைப்பதில்லை. அவரை மலை ஏற விடுகிறது, அவ்வளவுதான். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் அவரிடம் ஏதோ ஒரு வேலை சொல்கிறார்கள், தகவல் சொல்லி அனுப்புகிறார்கள், விசாரிக்கிறார்கள். அவர் எதற்கும் முகம் சுளிப்பதில்லை. அந்த ஒரு நடையிலேயே மூன்று விஷயம் நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. இந்த மனிதரை எல்லோருக்கும் பிடிக்கும். இவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. இந்த மலை இவருடைய காலுக்குப் பழகியது, ஆனால் இதில் ஒரு அடி மண்கூட இவருடையது இல்லை. நடிகர்களில் பலர் இந்தப் பகுதி மக்களே என்பதால் அந்த விசாரிப்புகளில் நடிப்பு வாடை இல்லை.

மலை ஏறுவது ஒரு சாதாரணச் செயல். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களை விடிவதற்கு முன்பே ஜீப்புகள் அள்ளிக்கொண்டு கிளம்புவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். லெனின் பாரதி கெட்டிக்காரத்தனமாகச் செய்தது, ஜீப்பை விட்டுவிட்டுக் காலைப் பிடித்ததுதான். ஜீப்பில் போனால் வழியில் யாரையும் சந்திக்க முடியாதே!

ஒரு எச்சரிக்கை. ‘இவர்தான் எங்கள் ஊர் இன்னார்’ என்று தொடங்கும் பின்னணிக் குரலை வைக்காதீர்கள். நம் ஊர் பெயரால் அறியப்படும் சின்னமனூர்ச் செப்பேடுகள், கொடுத்த தானத்தைச் சொல்வதற்கு முன்னால் பாண்டியர் பரம்பரையையும் அவர்கள் பெருமையையும் விரிவாகச் சொல்லித்தான் விஷயத்துக்கு வரும். பத்தாம் நூற்றாண்டு அரசன் இராசசிம்மனுக்கு அது தேவைப்பட்டது. செப்புத் தகட்டில் நடந்து காட்ட முடியாது. உங்களிடம் கேமரா இருக்கிறது.

படி 2: கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் நில்லுங்கள்

புதியவர்கள் லொக்கேஷன் பார்க்கப் போகும்போது போட்டோ எடுத்து வருவார்கள். ஒலி எடுத்து வருகிறவர் அபூர்வம். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். முதல் முறை போகும்போது படமே எடுக்காதீர்கள். தார் வெட்டும் நாளன்று இருட்டிலேயே தோப்புக்குப் போய் ஓரமாக நின்று கேளுங்கள்.

என்ன கேட்கும்? தூரத்தில் தேனி–கம்பம் சாலையில் லாரிகள். கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் பாங்கும் ஒன்றன் பின் ஒன்றாக. வாய்க்காலில் ஓடும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். காய்ந்த வாழைச்சருகு உரசுவது. அரிவாள் தண்டில் இறங்கும் ஈரமான சத்தம். ஈரமண்ணில் வெறுங்கால் அழுந்தி எழுவது. லாரி இன்ஜினை அணைக்காமல் விட்டிருக்கும் உறுமல். எண்ணிக்கை சொல்கிறவரின் குரல்.

இதில் லாரியும் பாங்கும் ஊரின் ஒலி. காலடியும் மூச்சும் உடலின் ஒலி. இரண்டையும் தனித்தனியாகத் தாளில் எழுதுங்கள். ஊரின் ஒலி, கதை எங்கே நடக்கிறது என்று சொல்லும். ஆள் யார் என்பதை உடலின் ஒலிதான் சொல்லும். பெரும்பாலான குறும்படங்களில் முதலாவது மட்டும் இருக்கும். அதுவும் குயில் கூவுவதாக இருக்கும்.

இப்போது உங்கள் ஆளுக்கென்று ஒரு ஒலியைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. உலக சினிமாவில் இதைத் தொடக்கத்திலேயே செய்துகாட்டியவர் ஃப்ரிட்ஸ் லாங். 1931-இல் வந்த ‘எம்’ அவருடைய முதல் பேசும்படம். குழந்தைகளைக் கொல்கிறவனைப் பற்றிய கதை. ஒரு சிறுமி சுவரில் பந்தடித்துக்கொண்டு வருகிறாள். அவள் பந்து படும் இடத்தில் அந்தக் கொலைகாரனைப் பிடித்துக் கொடுப்பவருக்குப் பரிசு என்ற சுவரொட்டி. அதன் மேல் ஒரு நிழல் விழுகிறது. பிறகு ஒரு விசில், எட்வர்ட் கிரீக்கின் ஒரு மெட்டு. அவன் முகத்தை நாம் சரியாகப் பார்க்கவே இல்லை. ஆனால் படத்தில் அந்த விசில் திரும்பி வரும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. கடைசியில் அவனை அடையாளம் காட்டுவதும் அந்த விசில்தான். காட்டுபவர் ஒரு பார்வையற்ற பலூன்காரர். பேசும்படம் வந்த புதிதில் மற்றவர்கள் எல்லாரும் பேச வைத்துக்கொண்டிருந்தபோது லாங் விசிலடிக்க வைத்தார்.

‘ஷோலே’யில் (1975) கப்பர் சிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் படத்தின் தொடக்கத்தில் வருவதில்லை, வெகுநேரம் கழித்துத்தான் வருகிறான். ஆனால் அவனுடைய தொடக்கம் அது. பாறை மேல் நடக்கும் பூட்ஸ், கையிலிருந்து தொங்கிக் கல்லில் உரசும் பெல்ட்டின் பட்டை. எதிரில் நிற்பவர்கள் நடுங்குகிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகே முகம். செர்ஜியோ லியோனி 1968-இல் எடுத்த ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ இன்னும் ஒரு படி மேலே. ரயில் நிலையத்தில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். எனியோ மாரிக்கோனி மாதிரி ஒரு இசையமைப்பாளரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே இசையே இல்லை. எண்ணெய் போடாத காற்றாலையின் கிறீச், தொப்பியில் சொட்டும் தண்ணீர், முகத்தில் உட்காரும் ஈ, சொடுக்கும் விரல்கள். ரயில் வந்து போன பிறகு ஒரு மவுத் ஆர்கன் கேட்கிறது. கதாநாயகன் வந்துவிட்டான்.

நம் வாழைத்தார் மனிதருக்கு என்ன ஒலி? நான் கனைப்பைத் தேர்ந்தெடுப்பேன். கேட்கத் தெரியாதவர் கேட்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார். செருமிவிட்டுக் கேட்காமலே போய்விடுவார். முதல் முறை அந்தச் செருமல் லாரி இன்ஜின் சத்தத்தில் அமுங்கிப் போக வேண்டும். படத்தின் கடைசியில் அவர் கேட்கத் துணியும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். ஒரு ஒலியை முதல் காட்சியில் வைத்தால் கடைசிக் காட்சிக்கும் சேர்த்து வைக்கிறீர்கள்.

படி 3: குரலைக் கடைசியாகக் கொடுங்கள்

இந்தப் படி சின்னது, ஆனால் பலரும் வழுக்கி விழுவது இங்கேதான். முதல் வசனத்தில் தன்னைப் பற்றித் தானே விளக்கும் கதாபாத்திரத்தை யாரும் நம்புவதில்லை.

பாலாவின் ‘பிதாமக’னில் (2003) சித்தன் சுடுகாட்டில் பிறக்கிறான், படத்தின் தொடக்கமே அதுதான். வளர்ந்த பிறகும் அவனிடம் சொற்கள் இல்லை, உறுமல்தான் இருக்கிறது. அநேகமாகப் பேசாமலே விக்ரம் அந்தப் படத்துக்குத் தேசிய விருது வாங்கினார். பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யில் (2024) பின்னணி இசை கிடையாது. சூரியின் பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரத்த குரலில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறான். அன்னா பென்னின் மீனா அநேகமாகப் பேசுவதே இல்லை. அதிகாரம் கையில் இருப்பவனுக்குக் குரல் போய்விட்டது, குரல் இருப்பவள் வாயைத் திறக்க மறுக்கிறாள். இதைப் பக்கம் பக்கமாக வசனம் எழுதி உண்டாக்க முடியாது.

நம் ஆட்களுக்குக் காதால் படம் பார்ப்பது புதிதல்ல. ‘விதி’ (1984) படத்தின் வசனங்கள் கல்யாண வீட்டு ரேடியோ செட்டுகளில் ஓடி, படம் பார்க்காதவர்களுக்கும் நீதிமன்றக் காட்சி மனப்பாடமாக இருந்த காலம் உண்டு. அந்தப் பழக்கத்தை வசனத்தோடு நிறுத்திவிட்டோம் என்பதுதான் என் குறை.

படி 4: முகத்தை எப்போது காட்டுவது?

தமிழ்நாட்டில் ‘என்ட்ரி’ என்றாலே முதலில் செருப்பு, பிறகு கை, பிறகு முதுகு, விசில் பறந்த பிறகு முகம். 1992-இல் ‘அண்ணாமலை’யில் தேவாவின் இசையோடு ‘சூப்பர் ஸ்டார்’ எழுத்துகள் புள்ளி புள்ளியாக முதன்முதலில் திரையில் விழுந்தபோது, அறிமுகம் படம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அங்கே அறிமுகமானது பால்காரர் அண்ணாமலை இல்லை, ரஜினிகாந்த். அது நட்சத்திரத்துக்கான முறை. ரஜினியின் முகத்தைக் கொஞ்ச நேரம் மறைத்தால் அரங்கம் அதிரும். உங்கள் சித்தப்பா மகனின் முகத்தை மறைத்தால், போகஸ் தப்பிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

மறைப்பதற்குக் கதையில் காரணம் வேண்டும். ‘தி காட்ஃபாதர்’ (1972) முதலில் காட்டுவது உதவி கேட்டு வந்தவரின் முகம். கேமரா மெல்லப் பின்வாங்க, டானின் தலையும் கையும் நிழலாக ஃப்ரேமுக்குள் வருகின்றன. அவர் எவ்வளவு பெரியவர் என்பதை அவர் முகம் சொல்லவில்லை. கேட்க வந்தவரின் முகம் சொல்கிறது. ‘கர்ண’னில் (2021) அழைப்புப் பாடல் ஊரெல்லாம் ஒலிக்கும்போது போலீஸ் கூட்டிப்போகும் கர்ணனின் முகத்தைத் துணி மூடியிருக்கிறது. அவன் இல்லாத ஊர் அவனைப் பாடிக் கூப்பிடுகிறது. கிடாக்குழி மாரியம்மாளின் குரலில் ஒரு ஊரே சேர்ந்து நமக்கு அவனை அறிமுகம் செய்கிறது. அமீரின் ‘பருத்திவீர’னிலோ (2007) எதையும் மறைப்பதில்லை. திருவிழா இரைச்சலுக்குள்ளேயே வீரனும் சித்தப்பு செவ்வாழையும் வந்து இறங்கிவிடுகிறார்கள், அவர்களே ஒரு இரைச்சல் என்பதால்.

நம் தார் சுமப்பவரின் முகத்தை எப்போது காட்டலாம்? தார் தோளில் இருக்கும்போது முகம் பாதி மறைந்துதான் இருக்கும். செயற்கையாக மறைக்க வேண்டியதில்லை. கடைசித் தாரை இறக்கிவிட்டுக் கூலிக்காக நிற்கும்போது முழு முகத்தைக் காட்டுங்கள். சுமை இருக்கும்வரை அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. இறங்கியதும் அது போய்விடுகிறது. குளோசப் வைக்க வேண்டிய நொடி அதுதான்.

படி 5: யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார்?

காட்சி அமைப்பு என்றால் அழகான பின்னணி என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்களை எந்த இடத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் காட்சி அமைப்பு. நம் ஊரில் இது எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும். யார் வந்தால் யார் எழுந்திருக்கிறார், யார் திண்ணை வரை வரலாம், யார் வாசலோடு நிற்கிறார், டீக்கடை பெஞ்சில் யாருக்கு இடம் விடப்படுகிறது என்பதெல்லாம் எழுதப்படாத திரைக்கதை.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) இதைத் தொடக்கத்திலேயே செய்கிறது. வெயிலில் வேட்டைக்குப் போன பரியனும் நண்பர்களும் நாய்களோடு ஒரு தண்ணீரில் இறங்கிக் களைப்பாறுகிறார்கள். வேறு சிலர் வருகிறார்கள். இவர்கள் வம்பு வேண்டாமென்று கிளம்புகிறார்கள். வந்தவர்கள் அந்தத் தண்ணீரில் சிறுநீர் கழிக்கிறார்கள். சாதி என்ற சொல் தேவைப்படவில்லை. யார் வர, யார் எழுந்து போகிறார் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. அடுத்துத் தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்ட கருப்பி என்ற நாய், நெருங்கி வரும் ரயில். அந்தக் குரைப்பும் ரயில் சத்தமும் படம் முடிந்தும் காதில் நிற்கின்றன. இந்தக் காட்சியை நம்மால் தாங்க முடியாமல் போவது, கருப்பியைக் கொஞ்ச நேரம் முன்பு தண்ணீரில் குதித்து விளையாட விட்டிருப்பதால்தான்.

அதே இயக்குநரின் ‘கர்ண’னை ஒளிப்பதிவு செய்தவர் தேனி ஈஸ்வர். நடுரோட்டில் வலிப்பு வந்து கிடக்கும் ஒரு சிறுமி. கேமரா நேர்மேலே. அவளுக்கு இரண்டு பக்கமும் வாகனங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, ஒன்றுகூட நிற்கவில்லை. உயரத்திலிருந்து எடுப்பது அழகுக்காக என்று நினைப்பவர்கள் இந்த ஷாட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த உயரம் கடவுளின் உயரம். கடவுளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், இறங்கி வரவில்லை.

ஈஸ்வர் நேரெதிராகவும் செய்வார். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ மலையாளமும் தமிழும் கலந்த படம். வேளாங்கண்ணி லாட்ஜ் ஒன்றில் தொடங்குகிறது. கேமரா அசையாமல் நிற்கிறது. நாடகக் குழுவினரை எழுப்பி, விரட்டி, பில்லுக்குப் பேரம் பேசும் மம்மூட்டியின் ஜேம்ஸ் அந்த அசையாத சட்டத்துக்குள் வந்து வந்து போகிறார். கஞ்சன், அவசரக்காரர், தமிழ்ச் சாப்பாடு பிடிக்காதவர் என்று நமக்குப் பதிந்துவிடுகிறது. சுற்றிலும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் எங்கோ ஒலித்தபடி இருக்கின்றன. பிறகு அதே மனிதர் ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் வேறொருவராக நடந்து போகும்போது நாம் திடுக்கிடுவதற்கு அந்த லாட்ஜ் காட்சிதான் முதலீடு.

பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) மயிலை ரயில் நிலையத்தில் காத்திருப்பவளாக முதலில் நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு அவள் எவ்வளவு துள்ளினாலும் அந்தக் காத்திருப்பு நம் தலைக்குள் இருக்கும். (நம் பக்கத்துக் கிராமம் என்று எல்லோரும் நம்பும் அந்த ஊரை மைசூர், கொள்ளேகால் பக்கம் எடுத்தார்கள் என்பது தனிக்கதை. மண்ணைவிட ஆளை நிறுத்தும் விதம்தான் ஊரை உண்டாக்குகிறது.)

‘விருமாண்டி’யையும் (2004) விட்டுவிட முடியாது. தேனிப் பக்கத்துக் கதை, நேரடி ஒலிப்பதிவில் எடுத்தது. சிறையில் இரண்டு பேர் ஒரே சம்பவத்தைச் சொல்கிறார்கள். கொத்தாளத் தேவர் சொல்லும்போது வரும் விருமாண்டி ஒருவன். விருமாண்டியே சொல்லும்போது வருபவன் இன்னொருவன். அறிமுகம் என்பது யார் பார்வையில் என்பதைப் பொறுத்தது. உங்கள் முதல் ஷாட்டை வைப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

நம் காட்சிக்கு வருவோம். லாரியின் பின்பலகை உயரம். அதன்மேல் நின்று அடுக்குகிறவர் எல்லோருக்கும் மேலே. கணக்கு எழுதுபவர் நிறுத்தி வைத்த பைக்கில் உட்கார்ந்திருக்கிறார், நோட்டிலிருந்து தலையை எடுப்பதில்லை. நம்மவர் கீழே, நாலடி தள்ளி, துண்டைக் கையில் சுருட்டியபடி. மற்றவர்கள் வந்து வாங்கிக்கொண்டு ஃப்ரேமை விட்டுப் போகிறார்கள். இவர் செருமுகிறார், இன்ஜின் உறுமுகிறது. சரிந்து கிடக்கும் ஒரு தாரை யாரும் சொல்லாமலே எடுத்து நேராக வைக்கிறார். ஒரே அகலமான ஷாட், கேமரா அசைய வேண்டாம். இதை வெட்டி வெட்டி எடுத்தால் அந்த நாலடி தூரம் காணாமல் போய்விடும்.

படி 6: கையில் இருப்பதை வைத்து எடுப்பது

போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். லென்ஸைத் துடையுங்கள். ட்ரைபாட் இல்லாவிட்டால் வாழைத்தார் மேலேயே வைத்துக் கட்டலாம். படத்துக்கு ஒரு போன், ஒலிக்கு இன்னொன்று. ஒலி எடுக்கும் போன் ஆளுக்குப் பக்கத்தில், ஃப்ரேமுக்கு வெளியே இருக்கட்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒரு முறை கைதட்டுங்கள். எடிட்டில் இரண்டையும் இணைக்க அது போதும். காலர் மைக் வாங்க முடிந்தால் நல்லது. ஆனால் நாம் தேடும் செருமலும் காலடியும் சட்டைக்குள் மைக்கைச் செருகினால் கெட்டுவிடும். அவற்றை ஷாட் முடிந்ததும் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

ஆனி, ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்று மைக்குக்கு எமன். ஸ்பாஞ்ச் உறை அல்லது பஞ்சுத் துண்டு சுற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த இரண்டு மாதமும் ஒலிப்பதிவை ஒத்திப் போடுங்கள். கிளம்புவதற்கு முன்னால் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் வெற்றொலியை இரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட் மேசையில் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

வெளிச்சம்: கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலை. சூரியன் தாமதமாக ஏறி, சீக்கிரம் இறங்கும். விடிந்த பிறகும் நேர்வெயில் படாத மெல்லிய வெளிச்சம் நமக்கு வெகுநேரம் கிடைக்கும். முகங்களை அதில் எடுங்கள்.

ட்ரோன் விஷயம். மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே பறக்கவிட்டால் ட்ரோனோடு போகாது, வழக்காகும். அனுமதி கிடைத்தாலும் முதல் காட்சிக்கு வேண்டாம். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யின் கடைசியில், தன்னுடையதாக இருந்த நிலத்திலேயே காவலாளியாக உட்கார்ந்திருக்கும் ரங்கசாமியை விட்டுக் கேமரா மேலே மேலே போகிறது, சுற்றிலும் காற்றாலைகள். அந்த மனிதரை முழுப்படமும் தரையில் கூடவே நடந்து தெரிந்துகொண்ட பிறகு வருவதால்தான் அந்த உயரம் வலிக்கிறது.

படி 7: எடிட்டில் ஒலியை முந்த விடுங்கள்

கறுப்புத் திரையில் தொடங்குங்கள். அரிவாள் சத்தம், தார் தோளில் விழும் சத்தம், மூச்சு. சில நொடிகளுக்குப் பிறகு படம். அதே போல ஒவ்வொரு வெட்டிலும் அடுத்த ஷாட்டின் ஒலி சற்று முன்னாலேயே வந்துவிடட்டும். பார்ப்பவர் தானாகவே அதைத் தேடி நகர்வார், தள்ளப்பட்டதாக நினைக்க மாட்டார்.

இசையைக் கடைசி வரை சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் டைட்டிலில் சேருங்கள். இளையராஜா ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது கஷ்டம்தான். ஆனால் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்கு இசை அவர்தான், அந்தப் படத்தில் காற்றும் காலடியும் பேச்சும் தனியாக விடப்பட்ட நேரம் எவ்வளவு என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

படி 8: இரண்டு பேரிடம் சோதனை

வெட்டி முடித்த மூன்று நிமிடத்தை உங்கள் கதை தெரியாத ஒருவரிடம் ஒலியில்லாமல் காட்டுங்கள். இன்னொருவரிடம் படத்தைக் காட்டாமல் ஒலியை மட்டும் ஹெட்போனில் கொடுங்கள். இருவரிடமும் ஒரே கேள்வி: “இந்த ஆளுக்கு என்ன பிரச்சினை?” சிநேகிதர்களைக் கேட்காதீர்கள், அவர்கள் “செம மாப்ள” என்றுதான் சொல்வார்கள். வீட்டில் இருக்கும் அத்தையோ, டீக்கடையில் தினமும் உட்காரும் பெரியவரோ சரியான ஆள்.

படம் மட்டும் பார்த்தவர் “என்னமோ கேக்கணும்னு நிக்கிறாரு, கேக்க மாட்டேங்கிறாரு” என்றும், ஒலி மட்டும் கேட்டவர் “யாரோ பேச வந்து பேசாமப் போறாரு” என்றும் சொன்னால் டைட்டிலைப் போட்டு அடுத்த காட்சிக்குப் போகலாம். ஒருவருக்குப் புரிந்து இன்னொருவருக்குப் புரியாவிட்டால் எந்தப் பக்கம் பலவீனம் என்று தெரிந்துவிட்டது. அதை மட்டும் திருத்துங்கள். இரண்டு பேருக்கும் புரியவில்லை என்றால் வருத்தப்படாமல் படி 1-க்குப் போய் அந்த ஒரு வரியைத் திரும்ப எழுதுங்கள். தோப்பில் தார் வெட்டு ஒரு நாளோடு முடிந்துவிடுவதில்லை, அடுத்த வெட்டுக்குப் போய் மறுபடியும் எடுக்கலாம்.